முதலில் பாடம், பிறகு வேஷம்
செஞ்சியின் கதையை மேடையேற்றப் புகும் ஊர்க் குழுக்களுக்குச் சில வார்த்தைகள்

பாறையைக் குடைந்து கோயில் எடுத்த அரசன் ஒருவனே நகைச்சுவை நாடகமும் எழுதிவைத்தான் என்ற பெருமை விழுப்புரம் சீமைக்கு உண்டு. மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் அமைத்ததாகக் கல்லில் பொறித்த மகேந்திரவர்ம பல்லவன்தான் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற வடமொழி நாடகத்தின் ஆசிரியன். அவன் காலத்துக்குப் பின் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் இந்த மண்ணுக்கு நாடகத்தின்மீதுள்ள பற்று குறைந்துவிடவில்லை. ஆடி பிறக்கும் முன்பே பாரதக் கூத்துக்கு நாள் குறிக்கும் ஊர்களும், கூத்து வாத்தியாருக்குத் தாம்பூலம் வைத்து அழைக்கும் நாட்டாண்மைக்காரர்களும், ராஜபார்ட் வேஷத்துக்கு ஏங்கும் இளைஞர்களும் திண்டிவனத்திலிருந்து செஞ்சிவரை இன்றும் நிறைந்திருக்கிறார்கள்.

இந்தச் சீமையின் நடுவே மயிலம் இருக்கிறது. முருகனோடு பொருத சூரன் தவமிருந்து மயில் வடிவ மலையாகி அப்பெருமானுக்கே வாகனமானான் என்று தலபுராணம் சொல்லும் குன்று அது. அதன் அடிவாரத்தில் வீரசைவ மரபினதான பொம்மபுர ஆதீனமும், அந்த ஆதீனத்தின் ஆதரவில் 1938-இல் தோன்றிய தமிழ்க் கல்லூரியும் உள்ளன. பகைவனையும் வாகனமாக்கி வணங்கும் மரபும், ஏடுகளைப் பாடம் ஒத்துப் படிக்கும் கல்வியும் ஒரே ஊரில் கூடியிருப்பதால், சரித்திரத்தை நடித்துக் காட்ட விரும்புவோர் முதலில் சிந்திக்கவேண்டிய விஷயங்களை இவ்வூரை முன்னிட்டுச் சொல்வது பொருந்தும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் ‘மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்’ என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, பதினொன்று மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவையாக இருக்க, பன்னிரண்டாவதாகத் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சிக் கோட்டை. சத்ரபதி சிவாஜி 1677-இல் கைப்பற்றியது. அவர் மகன் ராஜாராம் காலத்தில் மொகலாயப் படையின் நெடிய முற்றுகையை 1698 வரை தாங்கியது. 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர் ஓர் இரவில் பிடித்தது. 1761-இல் ஆங்கிலேயர் வசமானது. இத்தனை பெரிய நிகழ்ச்சிகளைக் கண்ட கோட்டையில், மக்கள் மனம் பற்றிக்கொண்டிருப்பதோ ஓராண்டுகூட நிறைய ஆளாத ஓர் இளைஞனைத்தான். ராஜா தேசிங்கின் பெயரைச் சொன்னால் போதும், செஞ்சிச் சீமையில் குழந்தையும் குதிரையேறும். ஆகவே, சரித்திரத்தை நடிக்க விரும்பும் ஊர்க் குழு எதுவாயினும் அதன் கண் முதலில் அவன்மேல் விழுவது இயல்பே. அவ்விதம் விழும்போது ‘வேஷம் யாருக்கு?’ என்ற கேள்விக்கு முன்னால் ‘பாடம் எது?’ என்ற கேள்வியை வைக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

ஒருவனுக்கு இரண்டு சரித்திரம்

ஆவணங்கள் காட்டும் தேசிங்கு, தேஜ் சிங் என்ற பெயருடைய புந்தேலா ராஜபுத்திரன். அவன் தந்தை ஸ்வரூப் சிங், ஔரங்கசீப்பின் காலத்தில் செஞ்சிக் கோட்டைக்குக் கில்லேதாராக (கோட்டைத் தலைவராக) நியமிக்கப்பட்டவர். அவர் 1714-இல் மறைந்தபின், தந்தையின் பதவியும் ஜாகீரும் தனக்குரியவை என்று மகன் கொண்டான். புதிய பாதுஷாவின் அனுமதி இல்லாமல் அவ்வுரிமை செல்லாது என்றும், ஆண்டுக்கணக்கில் நின்றுபோன பேஷ்குஷ் (கப்பம்) பாக்கியைக் கட்டவேண்டும் என்றும் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கருதினார். அந்தப் பிணக்கே போராக முற்றிற்று. 1714 அக்டோபர் 3-ஆம் நாள், பன்மடங்கு பெரிய நவாபு படையை எதிர்த்து நின்ற தேசிங்கும் அவன் உயிர்த்தோழன் மகபத்கானும் களத்தில் வீழ்ந்தார்கள்.

கதைப்பாடல் காட்டும் தேசிங்கோ வேறொருவன். தந்தையால் அடக்க முடியாத பாராசாரிக் குதிரையை டில்லிக்கே போய் அடக்கிவந்த பிள்ளை அவன். நீலவேணிக் குதிரையேறும் மோவுத்துக்காரனை (ஆவணங்களின் மகபத்கானை) உடன்பிறப்பாகக் கொண்டவன். அந்தத் தோழனுக்கு வழுதாவூரில் மணமேடை போட்டிருக்கும் வேளையில் போர்ச் செய்தி வருகிறது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அவன் ஓடிவருகிறான். தேசிங்கு சிங்கவரம் குன்றேறிப் பள்ளிகொண்ட ரங்கநாதரிடம் விடை கேட்கிறான். பெருமாள் இசையாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தப் பல்லவர் காலக் குடைவரைக் கோயிலில் இன்றைக்கும் பெருமாளின் திருமுகம் திரும்பியிருப்பதைக் காட்டி இக்கதையைச் சொல்வார்கள். கடைசியில் வாளை வானத்தில் எறிந்து, அது மார்பில் வந்து தைக்கப் படுத்து உயிர்விடுகிறான் கதைத் தேசிங்கு. சரித்திர நூல்களின் தேசிங்கோ எதிரியின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகிறான்.

இவ்விரண்டில் எது உண்மை என்ற கேள்வி ஆராய்ச்சியாளருக்கு உரியது. வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் ஆகிய மூவரும் 2001-இல் வெளியிட்ட நூலில், தென்னாட்டு மக்கள் தங்கள் சரித்திரத்தைக் கதைவடிவில் எழுதிவைத்த முறையை ஆராய்ந்தபோது தேசிங்கின் கதையையும் எடுத்துக்கொண்டார்கள். கதைப்பாடலுக்கும் சரித்திர உணர்வு உண்டு என்பது அவர்கள் காட்டிய வழி. நடிக்க வருபவனுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரானது: கதையைக் கதையென்றும் ஆவணத்தை ஆவணமென்றும் அறிவித்து இரண்டையும் மேடையில் வைக்கலாம், அறிவிக்காமல் கலப்பது மட்டும் ஆகாது.

எந்த ஏடு எதற்கு உதவும்

ஊர்க் குழுக்களின் கைக்கு முதலில் கிட்டுவது ‘தேசிங்குராஜன் கதை’ என்ற பெயரில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, சந்தைகளிலும் திருவிழாக் கடைகளிலும் விற்ற புத்தகம். இத்தகைய கதைப்பாடல்களுக்குப் புகழேந்திப் புலவர் பெயரை இட்டு விற்பது பதிப்பாளர் வழக்கம். நளவெண்பாப் பாடிய புகழேந்தி தேசிங்குக்குப் பல நூற்றாண்டு முற்பட்டவர் ஆதலால், அப்பெயரை விளம்பரத் தாளில் போட்டுக்கொள்ளும் குழு முதலடியிலேயே தவறிவிடும். ஆனால் அந்தப் பாடலின் ஓட்டமும், கேட்பவர் உடம்பைக் குலுக்கும் அதன் அடுக்குச் சொற்களும், பின்பாட்டுக்கு அது இடங்கொடுக்கும் வகையும் வேறெந்த ஏட்டிலும் கிடையா. பாட்டுக்கும் உணர்ச்சிக்கும் அதுவே மூலம்.

நிகழ்ச்சிகளின் வரிசைக்கு இரண்டு நூல்கள் போதும். ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயண பிள்ளை தமிழ் உரைநடையில் எழுதி, மெக்கன்சியின் சுவடித் தொகுப்பில் இடம்பெற்ற ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’. மற்றொன்று, பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் ஆங்கிலத்தில் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-இல் வெளியிட்ட செஞ்சி வரலாறு. நவாபின் தரப்பைக் கேட்காமல் போரைச் சொல்வது ஒருபக்கத் தீர்ப்பாகுமாதலால், ஜஸ்வந்த் ராய் பாரசீகத்தில் எழுதிய ‘சயீத் நாமா’வின் செய்திகளையும் ஆய்வு நூல்களின் வழியாக அறிந்துகொள்வது கடமை. முஸ்லிம் நவாபின் புகழை எழுதியவர் ஓர் இந்து முன்ஷி. ராஜபுத்திரனுக்காக உயிர்கொடுத்தவன் ஒரு முஸ்லிம் வீரன். நவாபின் பக்கம் நின்ற பெருந்தலைவர்களில் ஒருவர் தெலுங்கரான யாசம நாயக்கர். இவ்வளவையும் அறிந்தபின் இப்போரை மதப்போராக எழுத எந்த வசனகர்த்தாவுக்கும் கை வராது.

சம்பாஷணைக்கு உரிய பாடத்தைத் தேடுவதில்தான் குழுக்கள் பெரும்பாலும் இடறி விழுகின்றன. 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த ‘ராஜா தேசிங்கு’ படத்தின் செவி நினைவிலிருந்து வசனத்தை வளர்ப்பார்கள். அல்லது எல்லோரையும் செந்தமிழில் அடுக்குமொழி பேசவைப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அரண்மனையும் கச்சேரியும் பேசிய தமிழ் எப்படியிருந்தது என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே ஒரு பொக்கிஷம் உண்டு. புதுச்சேரியில் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பே அது. தேசிங்கு களம்பட்ட ஆண்டில் அவருக்கு வயது ஐந்து. ஆகவே அவர் பேனாவில் வரும் தமிழ் ஏறக்குறைய அந்தத் தலைமுறையின் தமிழே. சுபேதார், பவுஞ்சு, சன்னது, நசர், சலாம் முதலான சொற்கள் தமிழ் வாக்கியத்துக்குள் கூச்சமின்றி வந்து உட்காருவதை அதிற் காணலாம். நவாபின் தூதன் செஞ்சிக் கச்சேரிக்குள் நுழையும் காட்சியை இந்த நடையில் எழுதிப் பார்த்தால், அவன் சலாம் செய்து நிற்பதும், பரிசுப் பொருளைத் தட்டோடு முன்வைப்பதும், பாக்கித் தொகையைக் கணக்குப்பிள்ளை ஏடு பார்த்து வாசிப்பதும் தாமாகவே நடிப்பாகிவிடும். கத்திப் பேசும் வசனம் அங்கே தேவைப்படாது.

வேஷம் யாருக்கு

பாடம் முடிவானபின் வேஷத்துக்கு வருவோம். சில ஊர்களில் வேஷம் கட்டுவோரே செலவுக்குப் பணம் போடவேண்டும் என்பதும், அதிகம் போட்டவருக்கே ராஜபார்ட் என்பதும் எழுதாத சட்டமாக இருந்துவந்திருக்கின்றன. ஐம்பது வயதைத் தாண்டிய தனவந்தர் வயிற்றைக் கச்சையால் இறுக்கிக்கொண்டு தேசிங்காக வந்து நின்றால், இருபதை ஒட்டிய பிராயத்தில் பெரும்படையை எதிர்த்துச் சென்ற இளமையின் துடிப்பும் அதன் அவசரமும் சபைக்கு விளங்குமா? தேசிங்கின் சரித்திரத்தில் அவன் வயதே பாதிக் காரணம். பெரியவர் ஒருவர் அங்கே இருந்திருந்தால் தவணை கேட்டிருப்பார், தூது அனுப்பியிருப்பார், ஒருவேளை கோட்டைக்குள் கதவடைத்து முற்றுகையைத் தாங்கியிருப்பார். ஆகவே அந்த வேஷத்தை இளைஞனுக்கே கொடுக்கவேண்டும்; பணம் போட்டவருக்கு மேடையின்மேல் பொன்னாடை போர்த்தினால் அவர் மனம் நிறைந்துவிடும்.

நவாபு வேஷத்துக்குக் குழுவிலேயே மிகத் தேர்ந்த நடிகரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். சாதத்துல்லாகானைக் கொடியவனாகக் காட்டுவது எளிது; தம் மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டிய நிர்வாகியாகக் காட்டுவதற்கே திறமை தேவை. நவாபின் அதிகாரி தோடர்மல்லின் வேஷமும் இத்தகையதே. கதைப்பாடலில் பாக்கி கேட்டு வந்து தேசிங்கிடம் அவமானப்பட்டுத் திரும்புபவராக வரும் இவரே, காஞ்சி வரதராஜப் பெருமாளின் உற்சவ மூர்த்தியை உடையார்பாளையத்திலிருந்து மீட்டுக் காஞ்சிக்குக் கொண்டுவரச் செய்ததாக 1710-ஆம் ஆண்டுக் கல்வெட்டு போற்றும் லாலா தோடர்மல் என்று கருதப்படுகிறார். இந்தச் செய்தியை அறிந்துகொண்டு அவ்வேஷத்தைக் கட்டும் நடிகர், மீசையை முறுக்கி உறுமும் வில்லனாக ஒருபோதும் வரமாட்டார்.

எதிரி வேஷத்தைப் பக்தியோடு கட்டும் மரபை நமக்குக் கற்றுக்கொடுத்தது தெருக்கூத்தே. செஞ்சிக்கு அருகில் மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலை அவ்வம்மன் வழிபாட்டின் மூலக் கோயிலாகப் போற்றும் மரபு ஒன்று உண்டு. அவ்வழிபாட்டைப் பற்றி அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்ட்டபைட்டல் 1988-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் முதல் தொகுதியும் செஞ்சியிலிருந்தே தொடங்குகிறது. இச்சீமையின் பாரதக் கூத்தில் துகிலுரிதல் இரவன்று ஒரு காட்சி உண்டு. துச்சாதனன் வேஷக்காரர், அதுவரை கிரீடமும் புஜக்கட்டையும் குலுங்க ஆடி ஆர்ப்பரித்தவர், திரௌபதியின் சேலையைத் தொடும் முன்பு சட்டென்று நின்றுவிடுவார். முகவீணை ஓயும், மத்தளம் அடங்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். அவர் கைகூப்பி, இது வேஷமே என்று தாயிடம் மன்னிப்பு வேண்டிக்கொண்டு, அதன் பிறகே சேலையின் நுனியைப் பிடிப்பார். பாவத்தை நடிப்பதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு என்று அறிந்திருந்த கூத்தாடிகளின் ஊரில், சரித்திரத்தின் எதிரியைக் கேலிப் பொருளாக்குவது நம் பரம்பரைக்கே இழுக்கு.

மகபத்கான் வேஷத்துக்கு முஸ்லிம் இளைஞரையும் தேசிங்கு வேஷத்துக்கு இந்து இளைஞரையும் தேடவேண்டும் என்ற நியதி வேண்டியதில்லை. மாற்றிக் கொடுத்தால் தோழமையின் பொருள் இன்னும் விளங்கும். பவேரியாவில் ஓபர்அமர்காவ் என்ற கிராமத்து மக்கள், கொள்ளைநோய்க் காலத்தில் 1633-இல் செய்துகொண்ட நேர்த்திக்கடனாக, 1634 முதல் ஏசுபிரானின் பாடுகளை நடித்து வருகிறார்கள். அவ்வூரில் பிறந்தவரோ இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவரோதான் வேஷம் கட்டலாம் என்பது அவர்கள் நியதி. நூற்றாண்டுகளாக யூதர்களை இழிவுபடுத்திவந்த பகுதிகளை அண்மைத் தலைமுறைகளில் அவர்களே முயன்று திருத்தினார்கள். 2022-இல் முதன்மை வேஷங்களில் முஸ்லிம்களும் நடித்தார்கள். தொழில் நடிகர் அல்லாத கிராமத்தார் வேஷத்துக்கும் பாடத்துக்கும் நியதி வகுத்து, காலத்துக்கேற்ப அவற்றைத் திருத்தியும் கொண்டது நமக்கு நல்ல முன்மாதிரி. காசிக்கு எதிர்க்கரையில் ராம்நகரில் நடக்கும் ராமலீலையிலும் இத்தகைய ஒழுங்கு உண்டு: துளசிதாசரின் நூலை ஓதுவதற்கென்று ஒரு குழு தனியே இருக்கும், அவர்கள் ஓதி முடித்த பின்பே, குரல் உடையாத பிராயத்துப் பிள்ளைகள் இராமனாகவும் சீதையாகவும் பேசுவார்கள். மூல நூல் ஓரிடத்திலும் சம்பாஷணை ஓரிடத்திலும் தனித்தனியே நிற்பதால், எது எவருடைய வாக்கு என்ற மயக்கம் அங்கே நேர்வதில்லை.

இதே உபாயம் நம் கூத்திலும் தயாராக இருக்கிறது. ஏடு சொல்வதைக் கட்டியங்காரன் சொல்லட்டும். பாட்டு சொல்வதைப் பின்பாட்டுக்காரர் பாடட்டும். ‘குண்டு பட்டு இறந்தான்’ என்று கட்டியங்காரன் உரைக்க, ‘வாளை எறிந்து மார்பில் ஏந்தினான்’ என்று பின்பாட்டு எழ, இரண்டுக்கும் நடுவே தேசிங்கு மௌனமாகச் சாய்ந்தால், சரித்திரமும் காவியமும் ஒன்றையொன்று மறைக்காமல் ஒரே மேடையில் நிற்கும்.

ராணியின் முடிவு

தேசிங்கின் மனைவி ராணிபாயின் பாத்திரத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. திரைமறைவில் நின்று கணவனுக்கு விடைகொடுத்த அந்த இளம்பெண், செட்டிகுளத்தங்கரையில் அவன் சிதையிலேயே உடன்கட்டை ஏறினாள் என்பது வழிவழிச் செய்தி. ராணிப்பேட்டை என்ற ஊர்ப் பெயரை அவள் நினைவோடு சேர்த்துச் சொல்வாரும் உளர். சென்னை மாகாணத்தில் இவ்வழக்கம் 1830-லேயே தடைசெய்யப்பட்டது. உடன்கட்டையைப் போற்றிக் கொண்டாடுவதும் குற்றம் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மனிதத் தன்மை ஒன்றே போதும் அதைத் தடுக்க. தீ மூட்டி, மங்கல வாத்தியம் முழங்க, பூச்சொரிந்து அக்காட்சியை நடிக்கக் கூடாது. கட்டியங்காரன் இரண்டே வாக்கியத்தில் அச்செய்தியைச் சொல்லி, இத்தகைய கொடுமை இம்மண்ணில் நேர்ந்ததற்கு வருந்தி நிற்பதே தகும். ராணியின் வேஷத்தைக் கட்டும் பெண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது. ‘போருக்குப் போகத்தான் வேண்டுமா?’ என்று கேட்பதற்கு அக்கதையில் உரிமையுள்ள ஒருத்தி அவள். அக்கேள்வியை அவள் கேட்கும்படி காட்சியை அமைக்கலாம்.

இவர்களைத் தவிர, ஏடுகளில் பெயரில்லாதவர்களுக்கும் வேஷம் வேண்டும். பேஷ்குஷ் பாக்கி என்று கச்சேரியில் பேசப்பட்ட தொகை உழவனின் களத்துமேட்டிலிருந்து வந்தது. மணியக்காரர், கணக்குப்பிள்ளை, குதிரைக்குக் கொள்ளு அவிக்கும் ஆள், படை போகும் வழியில் பயிரைப் பறிகொடுத்த குடியானவன் ஆகியோரை நாலைந்து காட்சிகளில் கொண்டுவந்தால், ஊரில் ஆசைப்படும் அனைவருக்கும் வேஷம் கிடைப்பதோடு சரித்திரமும் முழுமை பெறும்.

உடையும் களமும்

உடை விஷயத்தில் சினிமாவை மறந்துவிட வேண்டும். தலையில் தலைப்பாகை, முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் ஜாமா அங்கி, இடுப்பில் கச்சை, அதில் செருகிய கட்டாரி, தோளில் கேடயம் ஆகிய இவ்வளவில் ஒரு ராஜபுத்திர வீரன் உருவாகிவிடுவான். மினுமினுக்கும் கண்ணாடிக் கிரீடத்தைப் பாரதக் கூத்துக்கு விட்டுவிடலாம். பாராசாரியாக உயிருள்ள குதிரையைக் கூட்டத்தின் நடுவே, வெடிச் சத்தத்துக்கிடையில் நிறுத்துவது மனிதருக்கும் மிருகத்துக்கும் ஆபத்து. பொய்க்கால் குதிரை ஆட்டம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் இருந்தால் பாராசாரியின் துள்ளலைக் கண்முன் நிறுத்திவிடுவார்.

கோட்டைக்குள்ளேயே நடிக்கவேண்டும் என்ற ஆசை எழும். செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அத்துறையின் அனுமதியின்றி அங்கே நிகழ்ச்சி நடத்தலாகாது. அனுமதி கிடைத்தாலும் சுவரில் ஆணி அடிப்பதும், தீவட்டிப் புகையைச் சுதைமேல் படரவிடுவதும், கல்யாண மஹாலின் படிகளில் நூற்றுக்கணக்கானோரை ஏற்றுவதும் நாம் போற்றவந்த சின்னத்தை நாமே சிதைப்பதாகும். ஊர்ப் பொதுத்திடலிலோ கல்லூரி மைதானத்திலோ கூத்தை நடத்திவிட்டு, மறுநாள் காலையில் நடிகரும் பார்த்தவரும் ஒன்றாகச் சேர்ந்து ராஜகிரியையும், சிங்கவரத்தையும், செட்டிகுளத்தங்கரையையும், போருக்குப் பின் கோட்டைக்குள் எழுந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசலையும் சுற்றிப் பார்த்து வரலாம். மேடையில் கேட்டதை இடத்தோடு ஒத்துப் பார்க்கும் அந்த நடை, எந்தப் பாடப்புத்தகமும் தராத கல்வி.

இவ்வேலைக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை; பொறுமையே தேவை. மூன்று மாதம் ஒத்திகை நடத்துவதாகக் குழு முடிவு செய்தால், அதில் முதல் மாதம் முழுவதையும் வேஷம் பிரிக்காமல், அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து ஏடுகளை உரக்கப் படிப்பதற்கு ஒதுக்குவது உத்தமம். படிக்கும்போதே யார் குரல் யாருக்குப் பொருந்தும் என்பது குழுவுக்கு விளங்கிவிடும். வேஷச் சண்டை பெரும்பாலும் எழவே எழாது. தமிழ் கற்கும் மாணவர்களையும், கூத்து வாத்தியார்களையும், உருது அறிந்த பெரியவர்களையும் ஒரே பாயில் உட்காரவைக்கும் வாய்ப்பு மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இருக்கிறது. மூன்று ஊராரும் கூடி, பாடத்தைத் திருத்தமாக வகுத்து, வேஷத்தை நடுநிலையோடு பங்கிட்டு, அக்டோபர் 3-ஆம் நாளைத் தேசிங்கு, மகபத்கான் என்ற இரு நண்பர்களின் நினைவு நாளாக ஆண்டுதோறும் நடித்துக் காட்ட முன்வரவேண்டும்.